விளையாட்டும் வேலையும்: தமிழ் எழுத்தில் பால்ய நினைவுகள்

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவர் ஒரு கிழவர். அவருடைய இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை; பாட்டில் அவர் ஊன்றியிருக்கும் கோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஈர மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியது, பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, கள்ளங்கபடமில்லாத தோழர்களோடு திரிந்தது, தண்ணீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர்கள் திகைக்க மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்தது என்று வரிசையாகச் சொல்கிறார். பிறகு, தடியூன்றி, இருமலுக்கு நடுவே நாலு வார்த்தை பேசும் இன்றைய தன் நிலையைச் சொல்கிறார். அந்த இளமை இப்போது எங்கே போயிற்று என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தப் பாட்டைத் தொகுப்பில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். துறை, கையறுநிலை. தலைவனோ வள்ளலோ இறந்தபின் புலம்பும் பாட்டுகளுக்கு உரிய துறை அது. இதற்கு முந்தைய பாட்டில், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாண்டபின் முல்லைக் கொடியைப் பார்த்து ஒரு புலவர் அழுகிறார். இரண்டு பாட்டு தள்ளி, மனைவியைச் சிதையில் இழந்த சேர மன்னன் தான் இன்னும் உயிரோடு இருப்பதை எண்ணிக் குமுறுகிறான். அதற்கடுத்து, தீப்பாயப் போகும் பெருங்கோப்பெண்டு. இத்தனை சாவுகளுக்கு நடுவில் ஒருவருடைய பிள்ளைப்பருவம் கிடக்கிறது. தொலைந்த சிறுவயதும் ஒரு சாவுதான், அதற்கும் முறையாக ஒப்பாரி வைக்கலாம் என்று தொகுத்தவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய இலக்கியத் தீர்ப்பாகவே படுகிறது.

இன்றைய வாரப்பத்திரிகைகளில் ‘அந்தக் காலத்துல’ என்று தொடங்கும் கட்டுரைகள் அனைத்தும் இந்தக் கிழவரின் வாரிசுகள். ஆனால் அவரிடம் இருந்த ஒன்று அவற்றில் பெரும்பாலும் இல்லை. எந்த மரம், அதன் கிளை எப்படிச் சாய்ந்திருந்தது, ஆழம் தொட்டதற்கு என்ன அத்தாட்சி என்று அவர் கணக்காகச் சொல்கிறார். இன்றைய கட்டுரைகளில் கமர்கட்டு, தேன்மிட்டாய், பம்பரம், கோலிக்குண்டு, ஒளியும் ஒலியும், அம்புலிமாமா என்று பட்டியல் ஓடுகிறது. படிப்பவர் தலையாட்டுகிறார், பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். பட்டியலில் யாருடைய கையும் இல்லை, யாருடைய வீடும் இல்லை. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூலை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். ஏக்கம் என்ற சொல்லுக்கே அதில் வேலையில்லை. ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று பிரித்து, எத்தனை பேர் வேண்டும், எப்படித் தோற்பது என்பது வரை எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு இன்றைக்கும் ஒரு தெருவில் ஆட்டத்தைத் தொடங்கலாம். தொலைந்ததன்மேல் அன்பு இருந்தால் அதை இப்படியும் காட்டலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பால்ய எழுத்தை உ.வே.சாமிநாதையரிலிருந்து தொடங்குவது வழக்கம். ‘என் சரித்திரம்’ 1940இலிருந்து 1942இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1855இல் பிறந்தவர், எண்பத்தைந்து வயதில், நகரத்து வாசகர்களுக்குத் தன் உத்தமதானபுரத்தைச் சொல்கிறார். அந்நாளைய ஊருக்கும் இந்நாளைய ஊருக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டும்போது குரலில் ஏக்கம் இருக்கிறது. ஆனால் நூல் நகர நகர ஏக்கம் பின்னுக்குப் போய்விடுகிறது. இராமாயணக் கதை சொல்லிப் பிழைக்கும் தகப்பனார், ஆதரவு கிடைக்கும் இடம் தேடி அரியலூர், குன்னம் என்று குடும்பம் இடம்பெயர்வது, தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடும் சிறுவன். அந்த வாழ்க்கையில் எதுவும் எளிதாகக் கிடைத்ததில்லை. புத்தகம் கிடைப்பதே பெரும்பாடு.

பாரதியின் சுயசரிதைக் கவிதையான ‘கனவு’ இதற்கு நேர்மாறான சாட்சி. ஒத்த வயதுப் பிள்ளைகள் ஓடுவதையும் மரமேறுவதையும் தள்ளி நின்று பார்த்த பையன் அதில் பேசுகிறான். தகப்பனாருக்குப் பயந்து தெருவிளையாட்டு எதிலும் சேராமல் புத்தகங்களோடு தனியே கிடந்தவன். கிடைக்காமலே போன பிள்ளைப்பருவத்துக்கும் தமிழில் இப்படி ஒரு கையறுநிலை உண்டு. பாரதியின் சுயசரிதையைப் பேசுகிறவர்கள் ஆங்கிலப் படிப்பின்மேல் அவர் கொட்டும் கோபத்தையே எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் வரும் இந்த விளையாட்டுப் பசி கவனிக்கப்படாமல் போகிறது.

இந்தத் துறையின் உச்சம் என்று நான் நினைப்பது கரிசல் மண்ணில் நிகழ்ந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில், 1923ஆம் ஆண்டில், ஒரு வார இடைவெளியில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். இருவரும் குழந்தைகளைப் பற்றி எழுதியவற்றுக்கு ஈடாகத் தமிழில் அதிகம் இல்லை.

கி.ரா.வின் ‘கதவு’ கதையில் ஓர் ஏழை வீட்டுக் கதவுதான் தெருப்பிள்ளைகளின் பஸ். சிலர் அதில் தொற்றிக்கொள்வார்கள், மற்றவர்கள் தள்ளுவார்கள். தீப்பெட்டிப் படம் ஒன்று கிடைத்தால் அதைக் கதவில் ஒட்டி அழகுபார்ப்பார்கள். பழங்காலத்து மரவேலை, கனத்த கதவு, அத்தனை பிள்ளைகளையும் தாங்கும். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இனிமையான பால்ய நினைவாக முடிந்திருக்கும். ஆனால் தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். தகப்பன் மணிமுத்தாறு வேலைக்குப் போனவன், பணம் வந்து சேரவில்லை. தாய் கூலிக்குப் போகிறாள். கதவில்லாத வீட்டுக்குள் வாடைக்காற்று வருகிறது. கைக்குழந்தை குளிரில் செத்துப்போகிறது. பிறகு ஒருநாள் சாவடிப் பக்கம் கறையான் ஏறிக் கிடக்கும் கதவை அந்த வீட்டுப் பையன் கண்டுபிடிக்கிறான். பிள்ளைகள் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்கிறார்கள். விளையாட்டுச் சாமானும் குடும்பத்தின் பாதுகாப்பும் ஒரே மரப்பலகையாக இருந்தன என்பதைக் கி.ரா. எங்கும் விளக்கவில்லை. அந்தக் கட்டிப்பிடிப்பில் எது பஸ், எது கதவு, எது செத்த குழந்தை என்று பிரிக்க முடியாது. சிறுபிள்ளை உலகம் எளிமையானது என்று சொல்கிற எவரும் இந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ இன்னொரு ஆட்டத்தில் தொடங்குகிறது. பாடப்புத்தகத்தில் யாருடையதில் படம் அதிகம் என்ற போட்டி. அது மெல்ல மெல்ல யார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற போட்டியாக மாறுகிறது. பணக்காரப் பையனின் பட்டுச்சட்டைக்கு முன்னால் ஏழைப் பிள்ளைகள் வாயால்தான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது. தீபாவளியன்று, உடம்பெல்லாம் சிரங்கோடு வரும் அநாதைப் பையனுக்கு அவர்களுடைய தாய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வாங்கிய துண்டை எடுத்துக் கட்டிவிடுகிறாள். அவன் பெயர் ராஜா. பணக்கார வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வந்திருப்பதைச் சொல்லிப் பெருமையடிக்கும் பையனிடம், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று சிறுமி சொல்கிறாள். கருணையைப் பேசும் கதைகள் எத்தனையோ உண்டு. இதில் அந்தக் கருணை குழந்தைகளின் போட்டி விதிகளுக்குள்ளேயே ஓர் எதிராட்டமாக வந்து விழுகிறது. அழகிரிசாமியின் மேதைமை அங்கே இருக்கிறது.

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ஒரு ரயில் பெட்டிக்குள் முடிந்துவிடும் கதை. தகப்பனோடு பயணம் செய்யும் சின்னப் பையன். எதிரே, வீட்டுவேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படும் சிறுமி. வயதில் பெரிய வித்தியாசமில்லை. தனக்கென்று வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தைப் பையன் அவளிடம் கொடுத்துவிடுகிறான். தகப்பன் சிலிர்த்துப்போகிறான். இந்தக் கதையைப் பையனின் பெருந்தன்மைக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பெண் இறங்கியபின் என்ன ஆனாள் என்று நாம் கேட்பதில்லை. பிற்காலத்தில் அந்தப் பையன் உட்கார்ந்து தன் பால்யத்தை எழுதினால் அது இனிமையான அத்தியாயமாக இருக்கும். அவள் எழுதினால் அதே பயணம் வேறு அத்தியாயம். தமிழில் நெடுங்காலம் பையன்களே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வீடு திரும்பும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை அதன் சணலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி எடுத்துப்போவதைப் பார்க்கிறாள். அவர் அதை ஊர்ப் பெரிய வீட்டுக்காரருக்கு நீட்டும் விதம் அவளுக்குச் சிரிப்பை மூட்டுகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம் கை பட்டால் தீட்டு, அதனால்தான் சணலைப் பிடித்துக் கொடுக்கிறார் என்று விளக்குகிறான். சிறுவயது வேடிக்கைகளால் நிறைந்த புத்தகம் அது. கடைத்தெரு, குரங்காட்டி, திருவிழா எல்லாம் உண்டு. அந்தச் சணல் கண்ணில் பட்டபின் எதையும் முன்போல வாசிக்க முடிவதில்லை.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) கொங்கு மேட்டுக்காட்டில் பண்ணையத்தில் விடப்பட்ட சிறுவர்களின் கதை. ஆடு மேய்ப்பதுதான் அவர்களுடைய வேலை, ஆடு மேய்க்கும் காடுதான் அவர்களுடைய விளையாட்டுத் திடல். பனைமரமும் கிணறும் வெயிலும் மழையும் இவ்வளவு துல்லியமாக வந்த நாவல்கள் குறைவு. கவுண்டர் மகனும் ஆட்டுக்காரப் பையனும் ஒன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒருவன் வீட்டுக்குள் போகிறான், மற்றவன் பட்டிக்குப் போகிறான். பெருமாள்முருகன் அந்தச் சிறுவர்களின் சந்தோஷத்தைச் சுருக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொடுமையைச் சொல்லும் பொருட்டுக் குழந்தைகளிடமிருந்து குதூகலத்தைப் பறித்துக்கொள்ளும் எழுத்தும் ஒருவகை அநியாயம்தான்.

வரலாறு புகுந்து பால்யத்தைக் கலைத்த எழுத்துகள் தனி வரிசை. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ செகந்திராபாத்தின் ரயில்வே குடியிருப்பையும் கிரிக்கெட்டையும் வளர்த்த மாட்டையும் சொல்லிக்கொண்டே நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களுக்குள் போகிறது. இறுதியில் நாவலின் நாயகனான பையன் பார்க்க நேர்ந்த காட்சிக்குப்பின் அவனுக்கு விளையாட்டு மைதானம் என்று ஒன்று கிடையாது. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) 1930களின் கோட்டயத்தில் ஒரு வீட்டைக் குழந்தையின் கண்ணுயரத்திலிருந்து பார்க்கிறது. அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ தன் ஈழத்து ஊரான கொக்குவிலை எழுதும்போது இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. மற்றவர்களுக்குக் காலம் மட்டும்தான் போயிற்று. ஈழத்தவர்கள் பலருக்கு ஊரும் போயிற்று.

பெண்களின் பால்யத்தைப் பற்றிப் பேசும்போது அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையை நிதானமாகப் படிக்க வேண்டும். கதையின் முற்பகுதி முழுக்க அம்மாவின் ஒளி. எண்ணெய்க் குளியல், தீபாவளி விடியற்காலை, விளக்கு, அம்மாவின் கை. நான் கறுப்பா என்று கேட்கும் மகளிடம், உன் அழகு யாருக்கு வரும் என்கிற பொருளில் பதில் சொல்லும் அம்மா. தமிழில் தாயைப் பற்றிய மிகச் சிறந்த ஏக்கப் பக்கங்கள் இவை. அம்மா வெளியூர் போயிருக்கும்போது பெண் வயதுக்கு வருகிறாள். பயந்துபோய் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள், அவள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அம்மாவோ, கறுப்பு நிறத்துக்காக உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம் தட்டிப்போன கசப்போடு திரும்பி வருகிறாள். இதற்கு இப்போது என்ன அவசரம், இன்னொரு பாரமா என்கிற ஒரே பேச்சில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாள். விழுத்தண்டினாரின் இளமை மெதுவாக, வயதோடு போனது. ஒரு தமிழ்ப் பெண்ணின் பிள்ளைப்பருவம் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில் முடியக்கூடும். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) சிறுமி ராபியா சினிமாவுக்கும் தெருவுக்கும் ஓடித்திரியும் பக்கங்களைப் படிக்கும்போது, இது இன்னும் எத்தனை மாதம் என்ற பதற்றம் நமக்கு வருவதும் இதனால்தான்.

கடைசியாக ஒரு திரைப்படத்தைச் சொல்ல வேண்டும். ‘அழியாத கோலங்கள்’ (1979) முதல் ‘ஆட்டோகிராஃப்’ (2004) வரை தமிழ் சினிமாவில் பால்யம் என்றால் பெரும்பாலும் முதல் காதல். மாரி செல்வராஜ் தன் சிறுவயதை வைத்து எடுத்த ‘வாழை’ (2024) அந்த வழியில் சற்றுத் தூரம் போகிறது. ஆசிரியைமேல் பையனுக்குள்ள பிரியம், தோழனோடு ரஜினி, கமல் சண்டை எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் அந்தப் பையன் பயப்படும் நாட்கள் சனியும் ஞாயிறும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வாழைத்தார் சுமக்க வயலுக்குப் போக வேண்டும். கடனுக்கு முன்பணம் வாங்கிய தாய் அவனை விட மாட்டாள். சேற்றில் கால் புதையத் தலைச்சுமையோடு நடக்கும் சிறுவனுக்குத் திங்கட்கிழமை காலை மணியடிக்கும்போதுதான் விடுமுறை தொடங்குகிறது. கோடை விடுமுறையைப் பற்றித் தமிழில் இதுவரை எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய படம் இது. சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளும் பெரிய வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போன பெண்பிள்ளைகளும் இப்போது நடுவயதில் இருப்பார்கள். அவர்கள் தங்கள் அந்தக் காலத்தை எழுதி, அது அச்சில் வர வேண்டும். அதைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.