இரு சொற்களும் ஓர் உழைப்பும்

ஆங்கிலத்தில் 'வேர்க்', 'லேபர்' என இரு சொற்கள் உள. அகராதிகள் ஒன்றைக் கொண்டு மற்றதை விளக்குகின்றன. மொழிபெயர்ப்போர் பலர் இரண்டுக்கும் 'வேலை' என்றெழுதி அமைகின்றனர். ஒருபொருட் பன்மொழி என இவற்றை விட்டுவிடலாமா?

முன்னது ஆங்கிலத்துக்கே உரிய பழஞ்சொல். செயலை மட்டுமன்றி, செய்து முடித்த பொருளையும் அது குறிக்கும். சேக்ஸ்பியரின் ஆக்கங்களை 'வேர்க்ஸ்' என்பர், 'லேபர்ஸ்' என்பாரில்லை. பின்னது இலத்தீனிற் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வருத்தம், பாடு என்னும் பொருள்களும் உடன் வந்தன. பிரசவ வேதனைக்கும் அதுவே பெயர். கொள்ளைநோயால் ஆட்கள் அருகிக் கூலி உயர்ந்தபோது, அதனைப் பழைய மட்டத்துக்கு இறக்க இங்கிலாந்தின் ஆளும் வர்க்கம் 1351இல் இயற்றிய சட்டம் 'லேபரர்' சட்டம் என்றே ஆங்கிலத்தில் வழங்குகின்றது. 1906இல் அந்நாட்டுத் தொழிலாளர் கட்சி சூடிய பெயரும் 'லேபர்' என்பதே. அடக்குமுறையும் எழுச்சியும் ஒரு சொல்லிலேயே பதிந்துள்ளன.

ஜேர்மன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'மூலதன'த்தின் முதற்பாகத்துக்கு, 1890இல் வெளிவந்த நான்காம் ஜேர்மன் பதிப்பில், எங்கெல்ஸ் ஓர் அடிக்குறிப்பு எழுதினார். பயன்மதிப்பை ஆக்குவதும் தன்மையால் வேறுபடுவதும் 'வேர்க்'. மதிப்பை ஆக்குவதும் அளவால் மட்டும் கணிக்கப்படுவதும் 'லேபர்' என்பது அவர் வகுத்த வேறுபாடு.

கூரிய வரையறைதான், எனினும் வழக்கு இதற்கு முற்றும் அடங்குவதில்லை. கூலிக்கு உழைக்கும் வர்க்கத்தையே ஆங்கிலேயர் 'வேர்க்கிங் கிளாஸ்' என்கின்றனர். மேலும், வீட்டுக் கருமங்களை 'ஹவுஸ்வேர்க்' என்பதால் அவை மதிப்பின் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகின்றன. நாளைய உழைப்புக்குத் தொழிலாளியை இன்றிரவு ஆயத்தஞ் செய்வது யார்? இவ்வினாவை எழுப்பிய மார்க்சியப் பெண்ணியர் பலர் 1970களில் 'டொமெஸ்ரிக் லேபர்', அதாவது வீட்டுழைப்பு, என எழுதலாயினர். சொல் மாற்றத்தின் பின்னே ஓர் உரிமைக் கோரிக்கை நின்றது.

தமிழில் 'வேலை'யும் 'உழைப்பு'ம் நமக்கு உண்டு. ஆயினும், விடியலுக்கு முன் அடுப்பு மூட்டி நள்ளிரவிற் பாத்திரங் கழுவும் பெண்ணைச் சுட்டி, 'அவருக்கு வேலை இல்லை. வீட்டில் இருக்கிறார்' என்கிறோம். கூலி இல்லாத இடத்தில் வேலையும் இல்லை எனக் கொள்ளும் இவ்வழக்கு யாருடைய கணக்கு? மொழிபெயர்ப்புக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் சொல்லுக்குச் சொல் தேடுமுன் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும். உழைப்பை மறைக்கும் சொல்லை அறியாது கையாள்வோர் சுரண்டலுக்கே துணைபோகின்றனர்.