வன்னியிலிருந்து கடல்கடக்கும் கலைக்கல்வி: புலமைப்பரிசில்களின் பலமும் பழுதும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன. வவுனியா பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஓகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று வன்னி மாவட்டங்களிலும் ஒரு கலைப்பீடம் கிடையாது. ஆனால் உயர்தரத்தில் கலைப்பிரிவு படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத கிராமப் பாடசாலைகளில் வேறு தெரிவும் இல்லை. வரலாறு, தமிழ், நாடகமும் அரங்கியலும், சித்திரம், நடனம், சங்கீதம் என்று படித்த பிள்ளை பட்டப்படிப்புக்கே ஊரைவிட்டுப் போக வேண்டும். அதற்குமேல் படிக்க விரும்பினால் பெரும்பாலும் நாட்டையே விட்டுப் போக வேண்டும்.

அந்த இரண்டாவது பயணத்துக்குக் கைகொடுப்பவை புலமைப்பரிசில்கள். கல்வி அமைச்சின் ஊடாக விண்ணப்பம் கோரப்படும் இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுநிலைப் படிப்புக்கான மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், இந்தியக் கலாசார உறவுகள் பேரவை இசைக்கும் நடனத்துக்கும் லதா மங்கேஷ்கர் பெயரில் வழங்கும் உதவி, பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிரைட், ஐரோப்பாவின் எரஸ்மஸ் முண்டுஸ் என்று பட்டியல் நீளமானது. இவற்றால் ஊருக்கு எந்தப் பயனும் இல்லை என்பாரும் உண்டு, இவை இருந்தால் போதும் என்பாரும் உண்டு. இரு சாராரும் பாதியைத்தான் பார்க்கிறார்கள். தகுதியுள்ள ஓர் ஆளைக் கண்டெடுப்பதில் இந்தத் திட்டங்கள் தேர்ந்தவை. அந்த ஆளை வளர்த்த ஊர் அவற்றின் கணக்கில் வருவதில்லை. வன்னியைப் பொறுத்தவரை அவற்றின் பலமும் பழுதும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன.

பலத்தை முதலில் பார்ப்போம். ஈழத்துத் தமிழியலின் அத்திவாரத்தில் வெளிநாட்டுக் கல்விக்குப் பெரும் பங்கு உண்டு. சு. வித்தியானந்தன் 1950இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1960களில் பேராதனையில் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றைத் தயாரித்தவரும் அவரே. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேமிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார்கள். கிரேக்க இலக்கியத்தைச் சமூக வரலாற்றோடு சேர்த்துப் படித்தவர் தொம்சன். அந்தப் பயிற்சியோடு கைலாசபதி சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்தார். சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தின் இடத்தை ஆராய்ந்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் கைலாசபதி. ஓவியத்தில் தா. சனாதனன் டில்லியில் கற்றுத் திரும்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். போருக்குள் வளர்ந்த ஒரு தலைமுறை ஓவியர் அந்த வகுப்பறையிலிருந்து வெளிவந்தனர். வெளியே கற்ற ஒருவர் திரும்பிவந்து கற்பிக்க ஓர் இடமும் கிடைத்தால் பயன் அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இவை சான்று.

வன்னிக்கு இந்தக் கல்வி வேண்டியிருப்பதற்கு இன்னும் நேரடியான காரணமும் உண்டு. இந்த மண்ணைப் பற்றிய பழைய எழுத்தாவணங்களில் பெரும்பகுதி இந்த மண்ணில் இல்லை. ஒல்லாந்தருக்காக வன்னியை நிர்வகித்த தோமஸ் நாகெல் 1793இல் ஓர் அறிக்கை எழுதினார். பிரித்தானிய அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலை வெளியிட்டார். இரண்டும் ஆண்டவர்கள் எழுதியவை. 1803 ஒக்ரோபர் 31இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைப் பிரித்தானியக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தார் என்று கற்சிலைமடுவில் நாட்டிய கல்லும் வென்றவரின் கூற்றே. அந்தக் கூற்றைச் சோதிக்க விரும்பும் ஓர் ஒட்டுசுட்டான் பிள்ளை லண்டன் கியூ ஆவணக்காப்பகத்தில் இலங்கைக் கடிதக் கோவைகளைப் புரட்ட வேண்டும். அதற்கு முந்திய காலத்துக்குப் போக ஹேக் நகரில் ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களும் லிஸ்பனில் போர்த்துக்கேய ஆவணங்களும் காத்திருக்கின்றன. வன்னியரைப் பற்றித் தமிழில் நூல் எழுதிய சி. பத்மநாதன் லண்டனில் ஆய்வு செய்தவர். பூநகரியின் தொல்பொருட்களை நூலாக்கிய ப. புஷ்பரட்ணம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர். போகாமலே செய்துவிடலாம் என்று சொல்ல இந்தத் துறைகளில் இடமில்லை.

இனிப் பழுதுகள். முதலாவது பழுது நுழைவாயிலிலேயே இருக்கிறது. இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் இணைய விண்ணப்பம் ஆங்கிலத்தில் 500 சொற்களில் ஒரு கட்டுரை கேட்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். போன்ற பரீட்சையின் பெறுபேற்றைக் கேட்கின்றன. கட்டணம் பெரியது, பெறுபேறு இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். நேர்முகத் தேர்வுகள் பெரும்பாலும் கொழும்பில், கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால். செவனிங் இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தை, அதாவது 2,800 மணித்தியாலத்தைக் கேட்கிறது. கலைப்பட்டதாரி நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் இடத்தில் இது எட்டாத நிபந்தனையாகவே தோன்றும். ஆனால் ஊதியமில்லாத வேலையையும் செவனிங் கணக்கில் எடுக்கிறது. பின்தங்கிய பாடசாலையொன்றில் தொண்டர் ஆசிரியராகக் கழித்த ஆண்டுகளை ஒருவர் அங்கே தாராளமாகக் காட்டலாம். இதை அவருக்குச் சொல்ல ஒருவர் இல்லை. கொழும்பின் பெரிய பாடசாலைப் பிள்ளைக்கு இதைச் சொல்ல அண்ணனோ அக்காவோ மாமாவோ இருப்பார். திறமைக் குறைவு என்று நாம் நினைப்பதில் பாதி, வழிகாட்ட ஆளில்லாத குறைவு.

இரண்டாவது பழுது, எந்தக் கலைக்குப் பணம் போகிறது என்பதில் இருக்கிறது. பரதநாட்டியமோ கர்நாடக சங்கீதமோ கற்க விரும்பும் வன்னிப் பிள்ளைக்குச் சென்னையில் கலாக்ஷேத்ரா உண்டு, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உண்டு, அந்தப் பாதையில் முன்பே நடந்தவர்கள் ஊரில் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலோடு கேட்டு வளர்ந்த கோவலன் கதையைக் கூத்தாக ஆடும் முல்லைத்தீவு இளைஞனுக்கு அப்படியொரு பாதை இல்லை. அவன் கற்ற விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். வயல்வேலை முடிந்த இரவுகளில் அண்ணாவியார் மத்தளத்தோடு ஓர் அடியைப் பாடிக் கொடுக்கிறார். ஆடுபவன் அதை வாங்கிப் பாடுகிறான். பிற்பாட்டுக்காரர் அதை ஏந்த, சல்லரி தாளம் பிடிக்க, அவன் களரியைச் சுற்றி வருகிறான். ஒரு வரவைத் திருத்த ஒரு கிழமை போகும். கையெழுத்துக் கொப்பியைத் தவிர வேறு பாடநூல் இல்லை. 2008, 2009 இடப்பெயர்வில் அந்தக் கொப்பிகளில் எத்தனையோ போய்விட்டன. இந்த இளைஞனிடம் விண்ணப்பப் படிவம் அவன் ஆடும் ஒளிப்பதிவைக் கேட்கிறது. அண்ணாவியாரும் பிற்பாட்டும் இல்லாமல் தனியாக ஆடினால் அவன் கலையில் பாதிதான் அந்தப் பதிவில் தெரியும். சான்றிதழ் கேட்டால் அதுவும் இல்லை. இதன் விளைவு ஊரில் தெரிகிறது: சலங்கை கட்டிவந்த நடன ஆசிரியைகள் பாடசாலைதோறும் இருக்கிறார்கள், அண்ணாவிமாருக்கு அடுத்த ஆள் இல்லை. பரதம் கற்றவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. பரிசில் தருபவருக்கு ஏற்கெனவே தெரிந்த கலைக்கே பரிசில் போகிறது என்பதுதான் குறை.

மூன்றாவது, காலஅளவு. ஓராண்டு முதுமாணிப் படிப்பு முகாமைத்துவத்துக்கோ பொதுக் கொள்கைக்கோ போதலாம். மனிதவியலுக்குப் போதாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்கவே ஓராண்டு பயில வேண்டும். இதைப் புரிந்துகொண்ட திட்டமும் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் லைடன் பல்கலைக்கழகம் நடத்திய ‘தனாப்’ திட்டம் ஆசிய நாட்டு இளம் வரலாற்றாளரை அழைத்து, முதலில் ஒல்லாந்த மொழியையும் பழைய கையெழுத்தையும் கற்பித்து, அதன் பிறகே கலாநிதி ஆய்வுக்கு அனுப்பியது. ஒல்லாந்தர் காலத்து மேற்கு இலங்கை விவசாயச் சமூகத்தைப் பற்றிய நிர்மால் ரஞ்சித் தேவசிறியின் 2007ஆம் ஆண்டு ஆய்வு அங்கே உருவானது. ஆவணம் லைடனுக்கு அருகில் இருக்கிறது, மண்ணை அறிந்தவர் இலங்கையில் இருக்கிறார், இரண்டையும் சேர்க்கக் காலமும் மொழியும் கொடுக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அத்திட்டம் மதித்தது. வன்னிக்கும் அதே முறைதான் பொருந்தும்.

நான்காவது பழுதே ஆழமானது. திரும்பி வருபவருக்கு இங்கே இடம் இல்லை. செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகளாவது தாய்நாட்டில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளர் சம்பளத்துடன் கற்கை விடுமுறையில் போனால் திரும்பிவந்து சேவையாற்றுவதாகப் பிணைமுறி எழுதிக் கொடுக்கிறார். இரண்டுமே நாட்டுக்குத் திரும்புவதைப் பேசுகின்றன. ஏற்கெனவே பதவி உள்ளவரைப் பிணைமுறி கட்டுப்படுத்தும், பதவியே இல்லாத மாங்குளத்துப் பட்டதாரிக்கு அது என்ன செய்யும்? மானிடவியலிலோ கலை வரலாற்றிலோ பட்டம் பெற்று வந்தவருக்கு வன்னியில் விரிவுரையாளர் பதவி இல்லை. அவர் கொழும்பில் தங்குகிறார், அல்லது நிபந்தனைக் காலம் முடிந்ததும் திரும்பவும் விமானம் ஏறுகிறார். அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. போகும் உரிமை அவருடையது. வெளியே இருந்தபடி ஊரைப் பற்றி நல்ல ஆய்வுகளை எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் வித்தியானந்தனுக்குப் பேராதனையும் கைலாசபதிக்கு யாழ்ப்பாண வளாகமும் கிடைத்ததுபோல ஓர் இடம் கிடைக்காதவரை, பரிசிலின் பயன் ஓர் ஆளின் வாழ்க்கையோடு முடிந்துவிடும்.

2009க்குப் பிறகு நடந்த ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். போர், இடப்பெயர்வு, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் போராட்டம் ஆகியவற்றை ஆராய வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து பலர் வன்னிக்கு வந்தார்கள். அவர்களை வீடு வீடாக அழைத்துப்போய், அம்மாமார் சொன்னதை மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள். ஆய்வேட்டில் ஆய்வாளரின் பெயர் வருகிறது, மொழிபெயர்த்த பிள்ளை நன்றியுரையில் வருகிறார். வந்தவர்களில் பலர் அக்கறையோடு உழைத்தார்கள். ஆனாலும் எந்தக் கேள்வியைக் கேட்பது, கேட்டதை எந்த வார்த்தையில் எழுதுவது என்ற முடிவு வெளியாரிடமே இருந்தது. அந்த முடிவை எடுக்கும் இடத்துக்கு வன்னிப் பிள்ளைகள் போக வேண்டும். புலமைப்பரிசிலை நான் வலியுறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

பரிசில்களில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு இடம் கேட்டால், தகுதிக்கு மாவட்டம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நமது நாட்டின் பல்கலைக்கழக அனுமதி முறையே அதற்குப் பதில் சொல்கிறது. கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்று அங்கே 5 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அதில் அடங்கும். பட்டப்படிப்புக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை, கல்வி அமைச்சு தன் ஊடாகப் போகும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களுக்கும் கேட்டுப் பெறலாம். இந்தியக் கலாசார உறவுகள் பேரவை தன் இசை, நடன உதவியில் கூத்தை ஒரு துறையாகச் சேர்த்து, குழுவோடு ஆடும் பதிவையும் அண்ணாவியாரின் கடிதத்தையும் ஏற்கலாம். மேலைநாட்டுத் திட்டங்கள் மனிதவியலாளருக்கு மொழிப் பயிற்சிக்கென்று முன்னதாக ஓராண்டு கொடுக்கலாம்.

மிச்சம் நம் பொறுப்பு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்குக் கட்டடமும் கணினியும் கொடுத்து வருகின்றன. அவர்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று: ஒவ்வோர் ஆண்டும் வன்னிக் கலைப்பட்டதாரிகள் சிலரைப் பொறுப்பெடுத்து, ஆங்கில எழுத்துப் பயிற்சி, பரீட்சைக் கட்டணம், கொழும்புப் பயணம், படிவத்தை வாசித்துத் திருத்தும் ஓர் அண்ணன் அல்லது அக்கா என்று முழு வழித்துணையாக நிற்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டியது பம்பைமடுவில் ஒரு கலைப்பீடம். வரலாறும் கூத்தும் தொல்லியலும் அங்கே ஒரு கூரையின்கீழ் வந்தால், லைடனிலிருந்தும் டில்லியிலிருந்தும் திரும்புபவருக்குக் கற்பிக்க ஒரு வகுப்பறை இருக்கும், அண்ணாவியாருக்கு வருகை விரிவுரையாளர் என்ற மரியாதை இருக்கும், அடுத்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்குக் கேட்டறிய ஆள் இருக்கும். புலமைப்பரிசில்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்னர் இந்தக் கலைப்பீடத்தைக் கேட்போம்.