ஊவாத் தோட்ட வழக்கும் அரசியற் சொல்லாட்சியும்

மொழி சமுதாய உறவுகளினின்றும் பிரிக்கவியலாதது என்பதைக் கொள்கையளவில் ஏற்கும் நம் ஆய்வாளர் பலர், பேச்சுவழக்கை நோக்குங்கால் தூய்மைவாதிகளாகிவிடுகின்றனர். மலையக வழக்குப் பற்றிய குறிப்புகள் பிறமொழிச் சொற்களின் பட்டியலாக முடிவதற்கு இதுவே காரணம். பசறை, தெமோதரை, அப்புத்தளைப் பகுதிகளின் தோட்ட வழக்கை ஆராய்வோர், சொற்களின் பிறப்பிடத்தைக் காட்டிலும், அவை யாருடைய நோக்கில் உலகைப் பெயரிடுகின்றன என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.

'பிரட்டு', 'செக்ரோல்' என்பன ஆங்கில நிர்வாகம் தந்த சொற்கள். தொழிலாளர் அவற்றைத் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டனர். ஒரு நாட் சம்பளம் 'பேர்' எனப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். செக்ரோலில் பெயர் பதியப்படுதலே வாழ்வாதாரமாகிவிட்ட நிலையை இச்சொல் காட்டுகிறது. 'அரைப்பேர்' தமிழ்ச் சொல்லே. அதனால் அதன் கொடுமை குறைந்துவிடவில்லை.

அரசு தந்த சொற்களின் இயல்பு வேறு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாக 'நாடற்றோர்' என்ற சொல் ஊன்றியது. உரிமையைப் பறித்தவர் யார் என்பதை அச்சொல் கூறுவதில்லை. பறிக்கப்பட்ட நிலையை மக்களின் இயல்பாக்கிவிடுகிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்க இந்தியா இணங்கியது. பதுளையிற் பிறந்து இந்தியாவைக் கண்டறியாதோரும் 'தாயகம் திரும்பியோர்' ஆயினர். திரும்புதற்கு முன்னொரு புறப்பாடு வேண்டும். அஃது இவர்தம் வாழ்வில் நிகழவேயில்லை. நீலகிரியிற் குடியேறியபோதோ இவர்களே 'சிலோன்காரர்' எனப்பட்டனர்.

சம்பளப் போராட்டத்திலும் சொல்லே களமாயிற்று. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அதனுள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. எஞ்சியவை வரவு, உற்பத்தித்திறன் முதலியவற்றோடு பிணைக்கப்பட்ட கொடுப்பனவுகள். 'சம்பள உயர்வு' என்ற ஒரே தொடரைத் தொழிற்சங்க மேடையும் தொழிலாளர் குடும்பமும் வெவ்வேறு பொருளில் வழங்கின. 'ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம்' என்ற கோரிக்கையின் வலிமை அதன் பொருட்டெளிவிலேயே இருந்தது. 2018 ஒக்ரோபரில் காலிமுகத்திடலில் மலையக இளைஞரைத் திரட்டியதிற் சமூக ஊடகத்துக்கும் பங்குண்டு.

அவ்விளைஞர் 'வேற லெவல்', 'மாஸ்' எனத் தமிழகத் திரையும் இணையமும் பரப்பிய சொற்களை வழங்குவதைக் கண்டு சிலர் கவல்கின்றனர். இத்தகைய சொற்கள் வேற்றிடத்துச் சந்தையின் பண்டங்கள் என்பதும், வியப்பனைத்தையும் ஒரே தொடரில் அடக்கி நுண்பொருளை மழுக்குகின்றன என்பதும் மறுப்பதற்கில்லை. எனினும் இவை எவருடைய உரிமையையும் பறித்தவையல்ல. கொச்சை கலவாத செந்தமிழில் எழுதப்பட்ட 'நாடற்றோர்' என்னும் சொல்லே பல இலட்சம் மக்களை வாக்குரிமையற்றோராகக் காட்டி நின்றது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு வகுத்த 'இந்தியத் தமிழர்' என்ற பெயருக்கு மாற்றாக, 'மலையகத் தமிழர்' எனத் தம்மைத் தாமே பெயரிட்ட மக்களின் மொழியை மதிப்பிடும்போது, திறனாய்வு இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.