அசன்பே முதல் அம்மிக்கல் வரை: கதையிலிருந்து பிறக்கும் கதை

அரியாலை கிழக்கில் பூம்புகார் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே காவிரி இல்லை. மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் இல்லை. மணலும் பனையும் கடனீரேரியும்தான். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் கண்ணகியும் கோவலனும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு காப்பியத்து ஊரின் பெயர் கடல் தாண்டி இன்னொரு கரையில் வாழ்கிறது. அதை யாரும் களவு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கதை எழுதுகிறவர்கள் விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் நமக்கு வருவதில்லை. 'இது இன்னாருடைய கதையைப் பார்த்து எழுதினது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அந்தக் கதையை மேற்கொண்டு வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படி ஒரு முடிவில் கையெழுத்து வைத்தவன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சில வருடங்களுக்கு முன் மாணவர்களுக்கான ஒரு சிறுகதைப் போட்டியில் நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் கதை வந்திருந்தது. 2010 ஆம் ஆண்டில் நடக்கிற கதை. புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்த ஒரு உம்மம்மா, பேத்தியைக் கூட்டிக்கொண்டு சோனகத் தெருவில் இருந்த தன் வீட்டைப் பார்க்க வருகிறா. வீடு நிற்கிறது. உள்ளே வேறொரு குடும்பம். கதவைத் திறப்பது ஏறக்குறைய அவ வயதிலேயே ஒரு அம்மா. உம்மம்மா உறுதியைக் காட்டவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "குசினிக்குப் பின்னால ஒரு அம்மி கிடந்தது. இருக்குதா?" என்று மட்டும் கேட்கிறா. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது நகைநட்டை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அம்மியை யாரும் கேட்கவில்லை. அவவால் அதைத் தூக்கவும் முடியவில்லை.

நடுவர்களில் இன்னொருவர் நிறைய வாசிக்கிறவர். "இது கஸ்ஸான் கனஃபானிட கதை. பேரை மாத்திப் போட்டிருக்கு. இருபது வருஷத்தைக்கூட மாத்தேல்ல" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பலஸ்தீன எழுத்தாளர் கனஃபானி 1969 இல் எழுதிய 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற குறுநாவலில் ஸயீதும் ஸஃபிய்யாவும் 1948 இல் விட்டுவந்த வீட்டை இருபது வருடம் கழித்துப் பார்க்கப் போகிறார்கள். கதவைத் திறப்பது வேறொரு பெண். எலும்புக்கூடு ஒன்றுதான். நாங்கள் கதையை ஒதுக்கினோம்.

அந்த முடிவு சரியா பிழையா என்று பார்ப்பதற்கு முன், எங்களுடைய இலக்கியம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தனி வடிவங்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிற கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகியவற்றில் ஒன்றாவது தமிழ்ப் பெயரா? கிஸ்ஸாவும் மசலாவும் முனாஜாத்தும் அரபியில் இருந்து வந்தவை, நாமா பாரசீகத்தில் இருந்து வந்தது. மறுபக்கத்தில் உமறுப் புலவரைப் பாருங்கள். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அந்த நீர்வளமும் வயல்வளமும் தமிழ்க் காப்பிய மரபு அவருக்குக் கொடுத்தவை. வடிவத்தை ஒரு பக்கம் இருந்தும் பொருளை இன்னொரு பக்கம் இருந்தும் எடுத்துத்தான் நம் முன்னோர் எழுதினார்கள். ஒளித்து எழுதவும் இல்லை. எல்லாருக்கும் தெரியவே எழுதினார்கள்.

நாவலுக்கு வருவோம். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று கொள்ளப்படுவது கண்டி அறிஞர் மு. கா. சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'. எகிப்தில் உயர்குடியில் பிறந்த ஒரு குழந்தை கடத்தப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, கல்கத்தா போய், முடிவில் தன் மண்ணுக்கும் தன் மரியாதைக்கும் திரும்புகிறது. இதில் இலங்கை எங்கே இருக்கிறது, இது எங்கோ வாசித்த கதையின் சாயல் அல்லவா என்ற குறை இந்நாவலைப் பற்றி எப்போதும் சொல்லப்படுவது. குடும்பத்தைப் பிரிந்த பிள்ளை அலைந்து திரிந்து திரும்பி வருவது பழைய கதைதான். சந்தேகமே இல்லை. யூசுப் நபியின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு அந்தக் கதைப் போக்கை யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஏன் எகிப்து? அதைக் கேட்டால் நாவல் வேறு மாதிரித் தெரியும். 1882 இல் எகிப்தில் பிரித்தானியருக்கு எதிராக நின்று தோற்ற உராபி பாஷா 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். கொழும்பிலும் பின்னர் கண்டியிலுமாக 1901 வரை இங்கே இருந்தார். சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தது 1882 இன் இறுதியில். உராபி பாஷாவோடு பழகி, 1892 இல் பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அப்படியானால் 1885 இல் ஒரு இலங்கை முஸ்லிமுக்கு எகிப்து ஒரு தூரத்து ஊர் அல்ல; பத்திரிகையிலும் பேச்சிலும் தினம் அடிபட்ட ஊர். ஊரை இழந்த மனிதர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த நேரத்தில்தான் ஊருக்குத் திரும்புகிற ஒருவனின் கதையை அவர் எழுதினார். பழைய கதைப் போக்குக்குள் தன் காலத்தின் கவலையை வைத்தார் என்று நான் வாசிக்கிறேன்.

இதோடு ஒப்பிட இன்னொரு நூல் இருக்கிறது. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891 இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை'. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வழங்கிய 'ஓர்சன், வலன்டைன்' என்ற இரட்டையர் கதையின் தமிழ் வடிவம் அது. காட்டில் பிரிந்துபோன இரு சகோதரரில் ஒருவனைக் கரடி வளர்க்கிறது, மற்றவன் அரண்மனையில் வளர்கிறான். இங்கே எடுத்தது கதை முழுவதையும். வாசகர்களுக்கு ஒரு நல்ல கதையைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் அதன் பயன். அதுவும் ஒரு பணிதான். ஆனால் சித்திலெப்பை செய்ததும் இதுவும் ஒன்றல்ல. இரண்டையும் 'தழுவல்' என்று ஒரே பெட்டிக்குள் போட்டால் இரண்டையும் விளங்கிக்கொள்ள முடியாது.

மூன்றாவது வகைக்குத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்துக்கே போகலாம். வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915 இல் வந்தது. தாகூரின் ஒரு வங்கக் கதையில் ஆற்றங்கரைப் படித்துறை பேசுகிறது. தன் படிகளில் வந்து போன ஒரு இளம் விதவை நீரில் மூழ்கி மறைந்த கதையைச் சொல்கிறது. ஐயரின் கதையில் குளத்தங்கரை மரம் பேசுகிறது. அதன் நிழலில் வளர்ந்த ருக்மிணி குளத்தில் விழுந்து சாவதைச் சொல்கிறது. கண்ட சாட்சியாக ஒரு அசையாத பொருளைப் பேச வைப்பது, தண்ணீரில் முடிகிற பெண் வாழ்வு, இரண்டும் தாகூரிடம் இருந்து வந்தவை. ஆனால் தாகூரின் குஸும் சாவது துறவி ஒருவர் மேல் வைத்த அன்பால். ருக்மிணி சாவது தகப்பன் பணம் இழந்துபோன பிறகு மாமன் வீடு இன்னொரு பெண்ணைத் தேடியதால். வடிவம் வங்காளத்தினுடையது, வேதனை தமிழ்நாட்டினுடையது. சீதனத்துக்காகக் குமர்கள் காத்திருக்கிற நம் வீடுகளிலும் அந்தக் கதை இன்னும் பழசாகவில்லை.

தோப்பில் முஹம்மது மீரானையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். மலையாளத்தில் படித்து வளர்ந்தவர் அவர். பஷீரின் 'என் உப்பப்பாவுக்கு ஒரு யானை இருந்தது' (1951) நாவலையும் மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' (1988) நாவலையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரியும். இரண்டிலும் முஸ்லிம் பெரிய வீட்டின் பெருமை சரிகிறது. இரண்டிலும் படிப்பு ஒரு புதுக் காற்றாக வருகிறது. ஆனால் பஷீர் சிரித்துக்கொண்டு சரிக்கிறார். அந்தப் பெரிய யானை, மணலில் குழி பறிக்கிற குழியானைதான் என்று பிள்ளைகள் கத்துவதோடு பெருமை போய்விடுகிறது. மீரானிடம் அந்தச் சிரிப்புக் குறைவு. வடக்கு வீட்டு முதலாளியின் அதிகாரத்தைத் தாங்கிய ஏழைகளின் முதுகை அவர் காட்டுகிறார். பஷீரை வாசித்திருந்தாலும் மீரான் பார்த்தது தேங்காய்ப்பட்டணத்தை.

இப்போது அந்த மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன்.

கனஃபானியின் கதையில் அந்த வீட்டில் தளபாடங்கள் மட்டும் விடுபட்டிருக்கவில்லை. ஒரு கைக்குழந்தையும் விடுபட்டிருந்தது. அந்தக் குழந்தை வேறு மொழியில், வேறு பெயரில் வளர்ந்து இராணுவ உடையில் வந்து பெற்றவர்களுக்கு முன்னால் நிற்கிறான். 'தாயகம் என்றால் என்ன?' என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. எங்களுடைய மாணவி அந்தப் பிள்ளையை எடுக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு அம்மியை வைத்திருந்தாள். அவளுடைய கதையில் இரண்டு பெண்களும் ஒரே மொழி பேசுகிறார்கள். வீட்டில் இருக்கிற அம்மா குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அம்மியைக் காட்டுகிறா. பிறகு தன் கதையைச் சொல்கிறா. அவவின் வீடு வலிகாமம் வடக்கில், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். இருந்த இடத்தில் இருந்தும் 1995 இல் எல்லாரோடும் சேர்ந்து தென்மராட்சிக்கு நடந்தவ. "அண்டைக்கும் ஒக்டோபர் முப்பதுதான் அக்கா" என்கிறா.

இந்த ஒரு வரியைக் கனஃபானி கொடுத்திருக்க முடியாது. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, அதே திகதியில், வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் இடம்பெயர்ந்தார்கள். இரண்டு சமூகத்துக்கும் இது தனித்தனியாகத் தெரியும். இரண்டையும் ஒரே குசினிக்குள் கொண்டுவந்து வைத்தவள் அந்தப் பிள்ளை. அவள் இரண்டையும் சமன் செய்யவும் இல்லை. முதலாவது வெளியேற்றத்தில் துவக்கோடு நின்றவர்கள் யார் என்பதை உம்மம்மா மறக்கவில்லை. அந்த அம்மாவும் அதைக் கேட்டுத் தலை குனிகிறா. ஆனால் தலை குனிகிறவ குற்றவாளி அல்ல என்பதும் கதைக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் மிளகாயும் தேங்காய்ப்பூவும் அம்மிக்கு வருகின்றன. வீடு யாருக்கு என்ற கேள்வி முடியாமலே கதை முடிகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பலஸ்தீனக் கதைகளை எடுத்து நம் கதை எழுதுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டையும் சாவியையும் கண்ணீரையும் எடுக்கும்போது, அந்தக் கதையின் எதிரியையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். அப்படி எழுதினால் பக்கத்து வீட்டுத் தமிழன் குடியேற்றக்காரன் ஆகிவிடுவான். வெளியேற்றச் சொன்ன ஆயுதக்காரனும், வெளியேறும்போது மதிலுக்கு மேலால் தண்ணீர் தந்த அயலவனும் ஒரே முகமாகிவிடுவார்கள். அது நடந்ததற்கு உண்மையான எழுத்து அல்ல. வேறொரு ஊரின் உண்மையைக் கடன் வாங்கி நம் ஊரை மறைக்கிற எழுத்து. இப்படியான கதைகளும் நம்மிடம் வருகின்றன. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்து எழுதியதற்காகக் கண்டிக்கக் கூடாது; பார்த்த பிறகு தன் ஊரைப் பார்க்காமல் விட்டதற்காகக் கண்டிக்க வேண்டும்.

ஆகவே ஒரு கதை இன்னொன்றின் சாயலில் இருந்தால் விமர்சகர் கேட்க வேண்டியது 'எங்கிருந்து எடுத்தாய்?' என்ற ஒரு கேள்வியை மட்டும் அல்ல. எதை எடுத்தாய், எதை விட்டாய், எடுத்ததால் உன் தெரு உனக்குக் கூடத் தெரிந்ததா குறையத் தெரிந்ததா என்றும் கேட்க வேண்டும். எழுதுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. எடுத்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கதை சிறுத்துப் போகாது. வரியை வரியாக எடுத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் களவு. அதற்கு இந்தக் கட்டுரை சாட்டு ஆகாது.

முடிவு வந்த பிறகு அந்தப் பிள்ளை என்னைப் பார்க்க வந்தாள். அழவில்லை. "சேர், அந்தக் கதையை வாசிச்சது உண்மைதான். வாசிச்சபிறகுதான் எங்கட உம்மம்மாட அம்மிக் கதையையும் எழுதலாம் எண்டு தெரிஞ்சது" என்றாள். நான் விதிமுறையைப் பற்றி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். 'எழுதலாம் என்று தெரிந்தது' என்று அவள் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒரு நல்ல கதை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடியதில் பெரியது அந்த அனுமதிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

போட்டிக்கு வந்த தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருக்கவில்லை. அவளிடமும் பிரதி இல்லை. மேலே நான் சொன்னது என் ஞாபகத்தில் இருந்து. அண்மையில் அவளைக் கண்டபோது அந்தக் கதையைத் திரும்ப எழுதச் சொன்னேன். தலைப்புக்குக் கீழே கனஃபானியின் பெயரையும் போடச் சொன்னேன். "பாப்பம் சேர்" என்றாள். அவள் எழுதினால் அதை இந்த இதழுக்கே அனுப்பிவைப்பேன். நடுவராக அல்ல, வாசகனாக.