வரலாற்றுத் திரைப்படமும் நிலத் தேர்வும்

வரலாற்றுக் கதையைத் திரையில் அமைப்பார்க்கு முதற்கண் எழும் வினா, அக்கதைக்குரிய இடத்தை எங்குத் தேர்வது என்பதாம். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என்றார். அவர் வகுத்தது பாட்டிற்கே எனினும், அவ்விரண்டும் பிரிக்கலாகா என்னும் கருத்து ஈண்டும் பொருந்தும். மணிரத்தினம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) என்னும் இருபகுதித் திரைப்படத்தை இந்நோக்கில் ஆராய்வோம்.

கல்கியின் புதினம் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதன் களம் பெரும்பாலும் சோழநாடு. திரைப்படமோ தாய்லாந்திலும், மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா, குவாலியர் முதலிய இடங்களிலும் எடுக்கப்பெற்றது. தஞ்சை இருக்க ஓர்ச்சாவை நாடியது ஏன் என வினவுவார் உளர். அவ்வினா முற்றும் நேரியதன்று. கதை நிகழ்வது சுந்தர சோழனின் இறுதி ஆண்டுகளில். முதலாம் இராசராசன் அரியணை ஏறியது 985இல். பெரிய கோயில் நிறைவுற்றது 1010இல். இன்று தஞ்சையிற் காணும் அரண்மனையோ நாயக்கரும் மராட்டியரும் எழுப்பியது. ஆதலின் தஞ்சையிலேயே படம் எடுப்பினும் நிலம் மெய்யாகும், பொழுது பொய்யாகும்.

எனினும், ஓர்ச்சாவைத் தேர்ந்தமை தக்கது என்பதற்கு இது சான்றாகாது. ஓர்ச்சாவின் மாளிகைகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் புந்தேல மன்னர் எழுப்பியவை. அவற்றின் குவிமாடங்களும் வளைவுகளும் சோழர் கற்றளிகளிற் காணப்படாதவை. ஈண்டு நிலமும் பொருந்தவில்லை, பொழுதும் பொருந்தவில்லை.

சோழர் அரண்மனை எத்தன்மையது? நிற்கும் மாளிகை ஒன்றேனும் இல்லை. ஆயின் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்துள்ளன. அவை இராசேந்திரன் காலத்தனவேனும், செங்கல்லும் மரமும் ஓடும் கொண்டு அமைந்த இல்லங்களையே நினைப்பிக்கின்றன. அவ்வகைக்கு அணித்தாக இன்றும் நிற்பது பத்மநாபபுரம் அரண்மனை. அது காலத்தாற் பிற்பட்டது, வேணாட்டு மன்னரது. ஆயினும் மரத்தூணும் ஓட்டுக் கூரையும் உடைமையின், பொருளாலும் அமைப்பாலும் ஓர்ச்சாவினும் மிக நெருங்கியது. கோயிற் காட்சிக்கோ கொடும்பாளூர் மூவர் கோவில் உளது. 10ஆம் நூற்றாண்டினதாகிய அது, கதையில் வரும் வேளிர்க்கே உரியது. பாதுகாக்கப்பெற்ற சின்னங்களிற் படமெடுக்க உரிமம் வேண்டும் என்பதும், போர்க்காட்சிக்கு அவை இடம் தாரா என்பதும் உண்மையே. அளவுணர்ந்து அங்குச் சில காட்சி எடுத்து, ஏனையவற்றை அரங்கில் அமைத்தல் இயலாததன்று.

திரைப்படம் வரலாற்று நூலன்று. அதனிடம் கல்வெட்டின் துல்லியத்தை எதிர்பார்த்தல் கூடாது என்பர் சிலர். அது கொள்ளத்தக்கதே. ஆயினும் கண்ணாற் கண்ட உருவம் படித்த சொல்லினும் நெஞ்சில் ஆழப் பதியும். சோழர் மாளிகைகள் அழிந்துபட்டமையின், திரை காட்டும் உருவமே இளைய தலைமுறைக்குச் சோழர் மாளிகையாகிவிடும். இல்லாத ஒன்றைப் புனைவோர்க்குப் பொறுப்பு மிகுதி. ஆதலின் இடந்தேடுவார் எழுப்ப வேண்டிய வினா, 'எவ்விடம் பெரிது, எழிலுடைத்து?' என்பதன்று, 'அக்காலத்தார் எப்பொருளால், எம்முறையால் கட்டினர்?' என்பதேயாம். அவ்வினாவிற்கு விடை கூறும் கடமை தமிழாய்வாளராகிய நமக்கும் உண்டு.