எண்ணைப் படித்தவர்கள், பெட்டியை விட்டவர்கள்

2015 மழை வெள்ளம் வடிந்த பிறகு, கிள்ளையில் எங்க அத்தை வீட்டைச் சுத்தம் பண்ணப் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே 14 கிராமபோன் ரெக்கார்டுகள், எல்லாம் 78 வேகத்துத் தட்டுகள். நாலைந்து நாள் தண்ணியில் கிடந்திருக்கு. நடுவில் ஒட்டியிருந்த லேபிள் காகிதம் கூழாகி, கை வச்சதும் வழிஞ்சு வந்துடுச்சு. பாடியவர் பேர், பாட்டு, ராகம் எதுவும் மிச்சமில்லை.

"தூக்கிப் போட்டுடுடா, பெட்டியையே அந்தக் காலத்துல காயலாங்கடைக்குப் போட்டாச்சு, இது எதுக்கு"ன்னு அத்தை சொன்னாங்க. பெட்டின்னு அவங்க சொன்னது சாவி கொடுத்து ஓடுற கிராமபோன் பெட்டி. அவங்க மாமனார் வாங்கினது.

நான் போடலை. வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த மேதாவி மாதிரி முதல் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். தட்டு கறுப்பா கரைஞ்சு துணியோட வந்துடுச்சு. 78 தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. கல்பொடியையும் கரியையும் அரக்கில் பிசைந்து அச்சில் அழுத்திச் செய்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். பள்ளிக்கூட வேதியியல்தான், ஞாபகம் வரலை. 14, 13 ஆச்சு. இதை வாசிக்கிற யாராவது வீட்டில் பழைய தட்டு இருந்தா ஸ்பிரிட்டைத் தொடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும், லேபிளை மட்டும் நனையவிடக் கூடாது.

மீதி 13 தட்டையும் வெயிலில் சாய்த்துப் பார்த்தப்போதான் ஒண்ணு கண்ணில் பட்டது. பாட்டு முடிந்து ஊசி சும்மா சுத்துற வழவழப்பான இடத்தில் ஒரு எண் அழுத்தியிருக்கு. காகிதம் போனாலும் அது போகலை. சாப்ட்வேர்காரனுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கு? லேபிளில் இருப்பது மனுஷர்கள் படிக்கிற பேர். தட்டில் அழுத்தியிருப்பது அந்த ஒலிப்பதிவின் பிரைமரி கீ. எந்த ஊரில், எந்தச் சுற்றுப் பயணத்தில், எத்தனையாவதாகப் பதிந்தது என்கிற வரிசை அதில் ஒளிந்திருக்கு. பட்டியல் ஒண்ணு கையில் இருந்தா போதும்.

அந்தப் பட்டியலைத் தேடிப் போய்த்தான் பம்பாய் சேகரிப்பாளர்களின் ஆரம்ப நாட்களுக்குள் விழுந்தேன்.

1990, பம்பாய்

இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990ல் பம்பாயில் தொடங்கியது. அதன் செயலாளராகப் பல வருஷம் உழைத்தவர் சுரேஷ் சந்த்வன்கர், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். அடுத்த வருஷமே 'தி ரெக்கார்ட் நியூஸ்' என்ற இதழ் வர ஆரம்பித்தது. அதன் ஸ்கேன் பிரதிகளைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய டிஜிட்டல் நூலகத்தில் படிக்கலாம்.

முதல் சில வருஷ இதழ்களைப் படிக்கிறப்போ ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலம்போல வருமா என்கிற பெருமூச்சு அங்கே குறைவு. அவங்களுக்கு வேறு வேலை இருந்தது. எந்தக் கம்பெனி எந்த லேபிளை எப்போ வெளியிட்டது, எண்ணின் முன்னால் வரும் எழுத்துக்கு என்ன அர்த்தம், லேபிள் நிறம் மாறினால் என்ன சொல்லுது. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்திய லேபிள்களை எப்படி வாசிப்பது என்று ஆரம்ப இதழ்களிலேயே எழுதினார். அவரே 1994ல், கிராமபோன் கம்பெனியின் 1899 முதல் 1908 வரையிலான இந்திய ஒலிப்பதிவுகளைப் பட்டியல் போட்டுப் புத்தகமாக்கினார். 1908 முதல் 1910 வரைக்கும் இன்னொன்று பிறகு வந்தது. 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிந்ததைப் பற்றி இன்னைக்கு எல்லாரும் பேசுறாங்க. அதை எண்ணோடு, வரிசையோடு உட்கார்ந்து எழுதினவங்க இவங்கதான்.

சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. பழைய சாமான் சந்தையில் தட்டுப் பொறுக்கி, ஒருத்தர் வீட்டில் கூடிக் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்ட ஆட்கள். இந்த உழைப்பின் பலன் பின்னால் தெரிந்தது. 1935ல் இருந்து பம்பாயில் இயங்கிய 'யங் இந்தியா' லேபிளின் தட்டுகளையும், ஓடியன் லேபிளின் இந்தியத் தட்டுகளையும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் டிஜிட்டல் ஆக்கினாங்க. பட்டியல் போடும் பழக்கம் முன்னாலேயே இல்லாவிட்டால் எதை டிஜிட்டல் ஆக்குறோம் என்றே தெரிந்திருக்காது.

இவ்வளவு மரியாதையோடுதான் என் குறையைச் சொல்ல வர்றேன்.

பெட்டி எங்கே?

லண்டனில் 1919லேயே ஒரு கிராமபோன் சங்கம் தொடங்கினாங்க. எடிசனின் போனோகிராஃப் வைத்திருந்தவர்கள் கூடிய இடம் அது. கருவியை எப்படிப் பராமரிப்பது, யாருடைய கருவி நல்லா ஒலிக்குது என்பதுதான் அவர்கள் பேச்சின் ஆரம்பம். பிற்பாடு அது பழம்பொருள் சேகரிப்பாக மாறினப்பவும் கருவி மேல் இருந்த அக்கறை குறையலை. அவர்கள் இதழில் ஸ்பிரிங், மோட்டார், சவுண்டு பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

பம்பாய்க்காரர்கள் தொடங்கினப்போ கிராமபோன் வீட்டை விட்டே போயிருந்தது. நம்ம ஊரில் 78 தட்டு 1960களின் கடைசி வரை வந்தது. அப்புறம் எல்பி, அப்புறம் கேசட். 1990ல் தட்டு மட்டும்தான் அவசரம். தட்டு உடையும், பாட்டு போயிடும். பெட்டி ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வந்த சாமான். அதனால தட்டை முதலில் காப்பாற்றியது சரிதான். அந்த முன்னுரிமையை நான் குறை சொல்லலை. 30 வருஷம் கழித்தும் அந்த முன்னுரிமை மாறவே இல்லை என்பதுதான் என் குறை. தட்டுக்கு எண், தேதி, வரிசை. பெட்டிக்கு வரவேற்பறை அலங்காரம் என்கிற இடம்.

அதன் விளைவைக் கடையில் பார்க்கலாம். நாலு வருஷம் முன்னாடி ஒரு பழம்பொருள் கடையில் பளபளன்னு பித்தளைப் புனல் வைத்த கிராமபோன் ஒன்றை வாங்க இருந்தேன். நூறு வருஷப் பழசுன்னு கடைக்காரர் சொன்னார். எண்கோண மரப்பெட்டி, முன்னால் நாய்ப் படம். மேல் பலகையைத் திருகு கழற்றிப் பார்த்தா, மரம் போன வருஷத்து மரம். மோட்டார் மட்டும் பழசு, ஒரு சூட்கேஸ் மாடலில் இருந்து பிடுங்கினது. தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் இருந்தது புனல் வைத்த மாடல் இல்லை. 1931ல் வந்த எச்.எம்.வி. 102 மாதிரி, மூடினால் கைப்பெட்டியாகிற மாடல்கள்தான். அதற்குப் புனல் வெளியே தெரியாது, அழகு போதாது. அதனால நல்லா ஓடுற ஒரு 102ஐப் பிரித்து, மோட்டாரை எடுத்து, புது மரத்தில் பொருத்தி, 'பழசு' பண்றாங்க. ஒவ்வொரு போலிக்குப் பின்னாலும் ஒரு அசல் செத்திருக்கு.

தட்டில் இப்படி ஏமாற்ற முடியாது. எண்ணைச் சொன்னால் சேகரிப்பாளர் உடனே பிடித்துவிடுவார். பெட்டிக்கும் மாடல் எண் உண்டு, உள்ளே தகடு உண்டு. அதை வாசிக்க யாரும் நமக்குச் சொல்லித் தரலை.

தமிழ்ப் பக்கம்

தமிழில் நிலைமை வேறு மாதிரி. ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. தியடோர் பாஸ்கரன் 1981லேயே நாடகத்தையும் கிராமபோன் பாட்டையும் தேசிய இயக்கத்தோடு இணைத்து ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். 1920களின் இறுதியில் தொடங்கி 30களில் இங்கே எழுந்த கிராமபோன் அலை பற்றி ஸ்டீபன் ஹியூஸ் 2002ல் விரிவான கட்டுரை எழுதினார். ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டு விற்றவர் என்பது பலருக்கும் தெரியும். சேகரிப்பாளர்களும் இருந்தாங்க. வி.ஏ.கே. ரங்காராவ் மாதிரி ஒருத்தர் தனி ஆளாகப் பல்லாயிரம் தட்டுகள் சேர்த்தார். மூர் மார்க்கெட் 1985ல் எரியும் வரை பழைய தட்டுக்கு அங்கே போகாத சென்னைச் சேகரிப்பாளர் அபூர்வம்.

ஆனா பொதுவாகத் தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நினைவலை எழுதுறாங்க. கிட்டப்பா என்ன குரல், சுந்தராம்பாள் என்ன கம்பீரம், சிதம்பரத்துக்காரர் சி.எஸ். ஜெயராமன் என்ன பிடி. எல்லாம் சரி. எந்தத் தட்டு, என்ன எண், எங்கே கேட்டீங்க? அது இருக்காது. பம்பாய்க்காரர்களிடம் எண் இருந்தது, வீடு இல்லை. நம்மிடம் வீடு இருக்கு, எண் இல்லை. ரெண்டும் பாதிதான். நோட்டீஸ், அழைப்பிதழ் வரைக்கும் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் புத்தி இந்தத் துறைக்கும் வேணும். பொருளை அது புழங்கின இடத்தோடு சேர்த்து எடுத்து வைக்கிற புத்தி.

அரைக் கட்டை

பெட்டி ஏன் முக்கியம் என்று எனக்கே புரிந்தது என் 13 தட்டில்தான்.

கின்னியரின் அந்த ரெண்டு புத்தகமும் 1910ஓடு நிற்குது. என் தட்டுகள் அதற்குப் பிந்தியவை. அதனால சேகரிப்பாளர்களிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, ஆறு தட்டுக்குப் பேர் கிடைத்தது. மீதி ஏழில் ஒன்றைப் போட்டுக் காட்டினப்போ, "இது கிட்டப்பா பாட்டுடா, மாமனார் தினம் போடுவாரு"ன்னு அத்தை சொன்னாங்க. எனக்குத் தலைகால் புரியலை. எஸ்.ஜி. கிட்டப்பா 1933லேயே இறந்துபோனவர், அவர் தட்டு என்றால் சும்மாவா?

ஒரு மாசம் கழித்து, அதே எண் உள்ள தட்டு லேபிளோடு ஒருத்தரிடம் இருக்குன்னு தெரிந்தது. படம் அனுப்பினார். கிட்டப்பா இல்லை. அவர் பாணியில் பாடிய வேறொரு நாடக நடிகர். எண் ஜெயிச்சது, நினைவு தோத்தது. அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவங்க கொஞ்சமும் அசரலை. "எங்க பெட்டியில கிட்டப்பாதான் பாடினாரு. நீ போட்டது ஒரு மாதிரி இறங்கி இருந்துச்சு, அதுல ஏமாந்துட்ட"ன்னாங்க.

அந்த 'இறங்கி' என்கிற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடலை. சாவி கொடுக்கிற பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. 74ல் ஓடுவதற்கும் 78ல் ஓடுவதற்கும் நடுவில் ஏறக்குறைய அரைக் கட்டை வித்தியாசம். 78ஐத் தாண்டி 82, 83க்குக் கூட்டினால் பாடகர் இன்னும் அரைக் கட்டை மேலே போயிடுவார். கிட்டப்பாவின் பேரே அந்த உச்ச ஸ்தாயியில்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை ஆறு சதவீதம் வேகமாக்கி, அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ போட்டுக் காட்டினேன்.

"ஆங், இதான். இதத்தான் கேட்டோம்."

மாமனார் வேகத்தைக் கூட்டியே வைத்திருந்திருக்கார். தெரிந்து வைத்தாரா, திருகு தேய்ந்து போனதா, பெட்டி இல்லாமல் இனிமே சொல்ல முடியாது. ஆனா கிள்ளையில் ஒரு வீடு பல வருஷம் ஒரு நடிகரைக் கிட்டப்பாவாகக் கேட்டிருக்கு. எந்தத் தட்டுப் பட்டியலிலும் இது வராது. தட்டை மட்டும் வச்சுக்கிட்டு 78ல் ஓட்டிப் பதிந்து, ஆவணமாச்சுன்னு மூடினால் இந்த வீட்டுக் கேட்பு மொத்தமும் காணாமல் போயிடும். லேபிளை நம்பின நினைவலைக்காரரும் தப்பு, எண்ணை மட்டும் நம்பின நானும் தப்பு.

அதுமட்டும் இல்லை, ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78ல் பதிந்தவை கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, வருஷத்துக்கு வருஷம் வேகம் மாறியது. பழைய வித்வான் எத்தனை கட்டையில் பாடினார் என்று தட்டை வைத்துச் சண்டை போடுகிறவர்கள், முதலில் எந்தக் கருவியில், எந்த வேகத்தில் கேட்டோம் என்று சொல்லிவிட்டுச் சண்டை போடலாம்.

பம்பாய் முன்னோடிகள் எண்ணைப் படிக்கக் கத்துக்கொடுத்தாங்க. அந்தக் கடன் பெரிசு. அதைத் தீர்க்க நம்ம பங்குக்கு ஒண்ணு செய்யலாம். உங்க வீட்டில் தட்டோ பெட்டியோ இருந்தா, ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைங்க. தட்டில் அழுத்தியிருக்கிற எண். பெட்டியின் மாடல் எண். யார் வாங்கினது, எங்கே. யார், எப்போ போட்டுக் கேட்டாங்க. நாலாவது வரியைச் சொல்லக்கூடியவங்களுக்கு இப்போ வயசு எண்பதுக்கு மேல. அதை முதலில் எழுதுங்க.

என் நோட்டில் அந்தத் தட்டுக்கு நேரே ரெண்டு பேர் எழுதியிருக்கேன். முதல் வரியில் லேபிளில் இருந்த நடிகர் பேர். அடுத்த வரியில், 'கிள்ளை வீட்டில், வேகம் கூட்டி: கிட்டப்பா.'