கச்சான் காற்றில் ஒரு பந்து: கோல்ஃப் மைதானத்தை ரசிப்பது எப்படி?

மட்டக்களப்புக் குருக்கள்மடத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. வரவும் வேண்டாம் என்பது என் கட்சி, காரணம் பிறகு. எழுவான்கரைக்காரருக்குக் கிட்டடியில் இருப்பது திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை அமைத்த ‘ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ்’. விமானப்படை இடமென்றாலும் பணம் கட்டினால் வெளியாரும் ஆடலாம். றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது, நுவரெலியாவுடையது 1889இல். அவற்றுக்கு முன்னால் சீனக்குடா நேற்றுப் பிறந்த பிள்ளை.

வாகரை, வெருகல், மூதூர் தாண்டிக் கிண்ணியா வழியாகப் போக வேண்டும். முன்பெல்லாம் இந்த வீதியில் கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று தண்ணீர் கடக்கும் பாதைக்குப் பாதை காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. அம்பிளாந்துறைப் பாதைக்காகத் துறையில் நின்றவர்களுக்கு அந்த அலுப்பைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு மற்றப் பாலங்களும் திறந்ததோடு அந்தக் கதை முடிந்தது. விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம்.

போய் என்ன பார்ப்பது? கோல்ஃப் என்றால் நம்மவர் மனதில் இருப்பது ஒரே படம்தான். காசுக்காரர் ஒருவர் வெள்ளைப் பந்தை அடிப்பார், அதைத் தேடி நடப்பார், திரும்பவும் அடிப்பார். தொலைக்காட்சியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். கமரா பந்தைத் துரத்துகிறதே தவிர தரையைக் காட்டுவதில்லை. இந்த ஆட்டத்தில் எதிராளியோ தரைதான். கிரிக்கெட்டில் இரண்டு விக்கெட்டுக்கும் இடையே உலகெங்கும் 66 அடி. கோல்ஃபில் சட்டம் பிடித்து வைத்திருப்பது மிகக் கொஞ்சம்: குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, பைக்குள் 14 மட்டைக்கு மேல் கூடாது. மேடு, பள்ளம், மணல், தண்ணீர், காற்றெல்லாம் அந்தந்த ஊரின் பாடு. கொழும்பு மைதானத்துக்குக் குறுக்கே களனிவெளி ரயில் ஓடுகிறது. அதுவும் அந்த ஊரின் பாடுதான்.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் இந்த ஆட்டம் வளர்ந்த நிலத்தைக் கேட்டால் நமக்குப் பழகிய இடமாகத் தோன்றும். கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல் திட்டுகள் அவை. உழுது விதைக்க உதவாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். தரை இறுகிக் கிடப்பதால் விழுந்த பந்து நிற்காமல் ஓடும். நம் எழுவான்கரையும் அதே இனம். கல்முனை வீதியில் தெற்கே போகும்போது இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் நாடா. கரையோரத்து மணலை இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் பிடித்து வைத்திருக்கின்றன. உள்ளே தென்னையும் மரமுந்திரியும். நெல் வேண்டுமென்றால் வாவி கடந்து படுவான்கரைக்குப் போக வேண்டும். எந்த இடத்து மணல் காலை வாங்கும், எந்த இடத்தில் சைக்கிள் ஓடும் என்பது இங்குள்ள பிள்ளைக்கும் தெரியும். கோல்ஃப் தரையைப் படிக்கத் தேவையான பாதி அறிவு அதுதான்.

மட்டையில்லாமல் ஒரு நடை

முதல்முறை போகும்போது ஆட அவசரப்பட வேண்டாம். அலுவலகத்தில் கேட்டு, ஆடுகிற யாரோடாவது சேர்ந்து நடந்து பாருங்கள். ஐந்து சொற்கள் போதும். அடியைத் தொடங்கும் இடம் டீ. கொடியும் குழியும் உள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை கிரீன். இரண்டுக்கும் நடுவில் வெட்டிவிட்ட புல் ஃபெயார்வே, ஓரங்களில் வளரவிட்டது ரஃப். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் போட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அது பார். பெரும்பாலும் 3, 4, 5.

கிரீனுக்குப் போய்ச் சேர்ந்ததும் கொடியை மறந்துவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். டீயில் நின்றபோது தெரிந்தது மைதானத்தை வடிவமைத்தவர் காட்ட விரும்பியது. மறைத்ததெல்லாம் இங்கிருந்து தெரியும். அமெரிக்காவின் அகஸ்டா நஷனல் மைதானத்தை பொபி ஜோன்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த அலிஸ்டர் மக்கென்ஸி ஒரு மருத்துவர். தென்னாபிரிக்காவில் போயர் யுத்தத்துக்குப் போனபோது, போயர்கள் தரையோடு தரையாக ஒளிந்திருந்த விதத்தை அவர் கூர்ந்து பார்த்திருந்தார். பிற்காலத்தில் அதே தந்திரத்தை மைதானத்தில் வைத்தார். கிரீனுக்கு எவ்வளவோ முன்னால் வெட்டிய மணல்குழி, டீயிலிருந்து பார்த்தால் கிரீனை ஒட்டியிருப்பதுபோல் தெரியும். அதை நம்பிச் சின்ன மட்டையை எடுத்தவரின் பந்து போய்ச் சேராது. ஏமாற்றியது யார் என்பது திரும்பிப் பார்க்கிறவருக்குத்தான் விளங்கும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். அடித்தவருக்கு முன்னால் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

காற்று

ஆனி, ஆடியில் கிழக்குக் கரைக்கு வருகிறவர்கள் கச்சானை மறக்க மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. உதடு வெடிக்கும், உடுப்பு அரை மணியில் காயும். மாரியில் வாடை. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பின்நேரக் கடற்காற்று. ஒரே குழி கச்சானில் ஒரு மாதிரி, வாடையில் வேறு மாதிரி. மட்டைகளையே மாற்ற வேண்டி வரும்.

கொடியை மட்டும் பார்த்துக் காற்றைக் கணிக்கிறவர் அரைகுறை. புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கிறவரும் தன் நெஞ்சுயரத்துக் காற்றைத்தான் அளக்கிறார். நன்றாக அடித்த பந்தோ தென்னையின் தலைக்கு மேலே போகிறது. ஆகவே மரத்தின் உச்சியைப் பாருங்கள். கீழே கொடி தொங்கிக் கிடக்க, மேலே ஓலை சலசலத்தால் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். விவரம் தெரிந்தவர் பலமாக அடிக்க மாட்டார். பெரிய மட்டையை எடுத்து மெதுவாக, தாழ்வாக அடிப்பார். பலமாக அடித்த பந்து பின்பக்கமாகக் கூடுதலாகச் சுழலும். எதிர்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை மேலே மேலே ஏற்றி, முன்னால் போகவிடாமல் தொப்பென்று போட்டுவிடும். பின்காற்று கொடுப்பதைவிட எதிர்காற்று பறிப்பது அதிகம் என்பது ஆடுகிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

பந்தின் மேலுள்ள சிறு குழிகளும் காற்றோடு செய்துகொண்ட உடன்படிக்கைதான். 1848 அளவில் மலாயாப் பக்கத்துக் காட்டு மரத்தின் பாலான கட்டாபெர்ச்சாவில் பந்து செய்யத் தொடங்கினார்கள். புதுப் பந்து வழவழவென்று அழகாக இருந்தது, ஆனால் ஒழுங்காகப் பறக்கவில்லை. அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்துதான் நேராகப் போனது. அதைக் கண்டுகொண்டு பந்தில் வேண்டுமென்றே தழும்பு வெட்டினார்கள். இன்றைய குழிப் பந்துக்கு வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1905இல் காப்புரிமை எடுத்தார்.

பிள்ளையாரின் புல்

வெப்ப நாடுகளின் மைதானங்களில் பெரும்பாலும் விரிந்து கிடப்பது நம் அறுகு. களுதாவளைப் பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே அறுகு. அதையும் ஆபிரிக்க இனம் ஒன்றையும் கலந்து உண்டாக்கிய மெல்லிய வகைகளைத்தான் கிரீன்களில் வளர்க்கிறார்கள். நாளாந்தம் சில மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டினாலும் தாங்கிக்கொள்ளும்.

இந்தப் புல் நேராக நிற்பதில்லை, ஒரு பக்கம் சாய்ந்து படரும். சாய்ந்த திசையில் உருட்டினால் பந்து ஓடிவிடும், எதிர்த்திசையில் உருட்டினால் இழுத்துப் பிடிக்கும். கண்ணுக்கு ஒரே சமனாகத் தெரியும் தரையில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேகம். இதை எனக்குக் காட்டித் தந்தது பை தூக்கி வந்த கெடி ஒருவர். பந்துக்குப் பின்னால் குந்தியிருந்து கூப்பிட்டார்: “சேர், இஞ்ச நிண்டு பாருங்க. புல்லு மினுங்குதா? அப்ப ஓடும். மற்றப் பக்கம் போய்ப் பாருங்க, கறுப்பா மங்கலா இருக்கும். அங்கயிருந்து அடிச்சா கொஞ்சம் பலமா அடிக்கோணும்.” பிறகு குழியின் விளிம்பைக் காட்டினார். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல் சுத்தம், மறுபக்கம் பிய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. புல் அந்தப் பிய்ந்த பக்கம் நோக்கிச் சாய்கிறது என்பது அடையாளம். அன்றைக்கு ஆடியவர்களின் அடிகளில் ஒன்றும் இப்போது நினைவில்லை. அந்த விளிம்பு நினைவிருக்கிறது.

காலையில் பனி காயாத கிரீனில் பந்து தன் பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போகும். அடித்தவர் நினைத்த பாதையும் பந்து போன பாதையும் ஒன்றா என்று அந்தக் கோடு சொல்லிவிடும். சீக்கிரம் போகச் சொல்வதற்கு அது ஒரு காரணம், வெயில் மற்றது.

யாரைப் பார்ப்பது?

சுமாராக ஆடுகிறவரைப் பாருங்கள். நன்றாக ஆடுகிறவருக்கு எந்த மைதானமும் சரிதான். பொதுமக்களுக்கென்று திறந்த மைதானம் நல்லதா என்பதைச் சுமாரானவரின் சுற்றில்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோணலாக அடித்தவருக்குப் பந்து கிடைக்கிறதா? கிடைத்தபின் தப்பிக்க ஒரு வழியாவது இருக்கிறதா? தண்ணீரைத் தாண்டியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறதா, சுற்றிப் போகவும் இடம் விட்டிருக்கிறதா? எழுபது வயதுக்காரர் உருட்டி உருட்டியே கிரீனுக்கு வந்துசேர முடிந்தால் நான் அந்த மைதானத்துக்கு நல்ல மதிப்பெண் போடுவேன். மூன்று நிமிடம் தேடியும் கிடைக்காத பந்து தொலைந்த பந்து என்பது 2019 முதல் உள்ள விதி. குழிக்குக் குழி ரஃபுக்குள் ஆட்கள் குனிந்து திரிகிறார்கள் என்றால் புல்லை வளரவிட்டவருக்கு ஆட்டம் தெரியாது.

இதற்கெல்லாம் தாய் மைதானம் ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸ். அங்குள்ள பழைய மைதானம் ஊருக்குச் சொந்தமான பொது நிலம். வழமையாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஊரார் நாயோடும் பிள்ளைகளோடும் அதில் உலாவுவார்கள். ஒரு சுற்றுக்கு 18 குழி என்ற கணக்கும் 1764இல் அங்குதான் வந்தது, அதுவரை 22. முதலாம் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் ஒரே அகலமான ஃபெயார்வே. எவ்வளவு மோசமாகத் தொடங்குகிறவருக்கும் பந்து விழ இடமுண்டு. ஒரு பொது மைதானம் புதியவரை இப்படித்தான் வரவேற்க வேண்டும்.

நிலம் குறைந்த ஊரில் இது நிலைக்குமா என்பது வேறு விஷயம். சிங்கப்பூரின் முதல் 18 குழிப் பொது மைதானமான மரினா பே 2006இல் திறந்து, குத்தகை முடிந்து 2024 ஜூனில் மூடப்பட்டது. குருக்கள்மடத்துக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். 18 குழிக்கு நூறு, நூற்றைம்பது ஏக்கர் தேவை. நம் மணல் நாடாவில் அவ்வளவு இடத்தை எடுத்தால் வீடும் தோப்பும் கோயில் வீதியும் எங்கே போகும்? கிரீனுக்குப் போடும் பசளை மணல் வழியே இறங்கி வாவிக்குத்தான் போகும். இறாலையும் நண்டையும் நம்பியிருக்கிற வாவி அது. சீனக்குடாவில் இருக்கட்டும், நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

போக முடியாதவர்களுக்குத் தொலைக்காட்சி இருக்கிறது. 2022இல் செயின்ட் அன்ட்ரூஸில் நடந்த 150ஆவது ‘தி ஓபன்’ போட்டியின் கடைசி நாளைத் தேடிப் பாருங்கள். ரோரி மெக்கில்ரோய் அன்று 18 கிரீன்களையும் உரிய அடிக்குள் பிடித்தார், பிழை என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு கிரீனிலும் இரண்டிரண்டு தட்டு. 70 அடியில் முடித்தார். அவருக்கு நான்கு அடி பின்னால் தொடங்கிய அவுஸ்திரேலியாவின் கமரூன் ஸ்மித் 64இல் முடித்துக் கிண்ணத்தை எடுத்தார். 17ஆம் குழியில் அவருக்கும் கொடிக்கும் நடுவே பேர்போன மணல்குழி ஒன்று நின்றது. தூக்கி அடித்தால் பந்து கிரீனைத் தாண்டி வீதியில் விழலாம். ஸ்மித், கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான புட்டரை எடுத்தார். பந்தைத் தரையோடு உருட்டி, மணல்குழியின் ஓரத்துச் சரிவில் ஏற்றி, வளைத்துக்கொண்டு போய் மேலே நிறுத்தினார். அடுத்த தட்டில் பார்.

அதே மைதானத்துக்கு 2027 ஜூலையில் தி ஓபன் திரும்பவும் வருகிறது. கடைசி நாள் ஆட்டம் நம் நேரத்துக்கு இரவு பத்து, பதினொரு மணிவரை ஓடும். கடைசிச் சோடி 17ஆம் குழிக்கு வரும்போது இராச்சாப்பாடு முடிந்திருக்கும். அறிவிப்பாளரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பந்து தரையில் விழுந்ததும் எந்தப் பக்கம் ஓடும் என்று வீட்டில் பந்தயம் பிடியுங்கள். கடற்கரையில் வளர்ந்தவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார்.